டரான்டுலா வாழ்வது எந்த வானிலையில்?

டரான்டுலா வகைச் சிலந்திகளை வீட்டில் வளர்க்கும் ஆர்வம் தமிழ்நாட்டிலும் பரவி வருகிறது. அந்த ஆர்வத்தோடு சேர்ந்து இரண்டு எண்களும் கைமாறுகின்றன. 'இந்த இனத்துக்கு வெப்பநிலை 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்' என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் காரணம் கேட்காமல் அதை வாங்கிக்கொண்டு, பெட்டிக்குள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். சிலர் பெட்டியின் அடியில் சூடேற்றும் விரிப்பையும் வைக்கிறார்கள். சிலந்தி சோர்ந்துபோனால் இன்னும் கொஞ்சம் தெளிக்கிறார்கள்.

இந்த எண்கள் பல வேளைகளில் அந்தச் சிலந்தி வாழும் நாட்டின் வானிலைப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டவை. வானிலை நிலையத்தின் வெப்பமானியோ, தரைக்கு மேலே ஆள் உயரத்தை ஒட்டி, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் நிழலில் தொங்குகிறது. சிலந்தி அங்கே இல்லை. தரைக்குக் கீழே ஒரு முழ ஆழத்தில் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு என்ன, அது எப்படி உண்டாகிறது, அதைக் காட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறையில் எதை மாற்ற வேண்டும் என்பதைப் புதிதாகத் தொடங்குவோருக்காக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லா டரான்டுலாவும் மண்ணில் வாழ்வதில்லை

டரான்டுலா என்பது தெரபோசிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திகளுக்கான பொதுப்பெயர். இக்குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் சில மரப்பொந்துகளில் வாழ்பவை. சில கல்லிடுக்கையோ எலி வளையையோ கிடைத்தபடி பயன்படுத்திக்கொள்பவை. சில தாமே மண்ணைத் தோண்டி, வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த வளைக்குள்ளேயே கழிப்பவை.

நமக்குப் பக்கத்திலேயே இந்த வேறுபாட்டைக் காணலாம். செட்டிநாட்டுக்குத் தென்கிழக்கே உள்ள இராமேசுவரத்திலிருந்து 2004இல் அறிவியலுக்கு அறிமுகமான பொயிசிலோதீரியா அனுமவிலாசுமிகா மரத்தில் வாழ்வது. அதற்கு ஆழமான மண் தேவையில்லை. நிமிர்ந்த மரப்பட்டையும் பொந்தும் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலையோர மண்சரிவுகளில் பட்டுக்குழாய் அமைத்து வாழும் கைலோபிராக்கிஸ் ஃபிம்பிரியாட்டஸ் இதற்கு நேர்மாறு. இரண்டையும் 'இந்திய டரான்டுலா' என்று ஒரே பெயரால் அழைத்து, ஒரே வகைப் பெட்டியில் வைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இக்கட்டுரை இரண்டாவது வகையை, அதாவது மண்ணில் வளை தோண்டி வாழ்பவற்றை மட்டுமே பற்றியது.

வளவு வீடும் வளையும்

சித்திரை மாத நண்பகலில் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு இது தெரியும். தெருவில் கால் வைக்க முடியாத சூடு. முகப்பைத் தாண்டிப் பட்டாலை என்ற முன்கூடத்துக்கு வந்ததும் கண் கூச்சம் அடங்குகிறது. வளவு என்ற நடுமுற்றத்தைக் கடந்து, வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டுக்குப் போகும்போது வேறு ஊருக்கு வந்ததுபோல உடம்பு தணிகிறது. ஊர் ஒன்றுதான், நாள் ஒன்றுதான், வீட்டுக்குள் யாரும் குளிரூட்டி வைக்கவில்லை. கனத்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் தம் பங்கைச் செய்கின்றன. காரைக்குடியின் அன்றைய வெப்பநிலை 40 டிகிரி என்று செய்தியில் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டாங்கட்டில் படுத்திருக்கும் ஆச்சி வாழ்வது அந்த 40 டிகிரியில் அல்ல.

இப்படி ஒரு பெரிய பகுதியின் வானிலைக்குள், ஒரு சிறிய இடத்தில் மட்டும் தனியாக நிலவும் வெப்பமும் ஈரமும் காற்றோட்டமும் சேர்ந்ததை நுண்காலநிலை என்கிறோம். சிலந்தியின் வளையில் நிலவுவதும் ஒரு நுண்காலநிலையே. சுவருக்குப் பதில் மண். வாசலுக்குப் பதில் குறுகிய வாய்.

மண்ணுக்குள் வெப்பம் எப்படி இறங்குகிறது

வெயில் பட்ட மண் மேலே மட்டுமே வேகமாகச் சூடாகிறது. அந்தச் சூடு ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு மெல்ல இறங்குவதற்குள் மாலை வந்துவிடுகிறது; மேற்பரப்பு குளிரத் தொடங்கியதும், பாதி வழியில் இருந்த வெப்பம் திரும்பவும் மேலே போகிறது. எனவே ஆழம் கூடக்கூடப் பகலுக்கும் இரவுக்குமான வேறுபாடு விரைவாகச் சுருங்குகிறது. மண்ணின் தன்மையையும் ஈரத்தையும் பொறுத்து மாறினாலும், பொதுவாக ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் அந்த வேறுபாடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிறது என்று கொள்ளலாம். செம்மண் தரையின் மேற்பரப்பில் விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே 25 டிகிரி ஏற்ற இறக்கம் என்றால், 10 செ.மீ. ஆழத்தில் அது 9 டிகிரியாகவும், 20 செ.மீ. ஆழத்தில் 3 அல்லது 4 டிகிரியாகவும் குறைந்து, 30 செ.மீ. ஆழத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரிக்கு வந்துவிடுகிறது.

வெப்பம் குறைவதோடு தாமதமும் ஆகிறது. ஒவ்வொரு 10 செ.மீ. இறங்குவதற்கும் சுமார் நான்கு மணி நேரம். மதியம் ஒரு மணிக்கு மேற்பரப்பில் தகிக்கும் வெப்பத்தின் மிச்சம், 30 செ.மீ. ஆழத்தைச் சேரும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். அந்நேரம் சிலந்தி வளையின் வாயில் இரைக்காகக் காத்திருக்கும்.

ஒன்றை இங்கே கவனமாகச் சொல்ல வேண்டும். ஆழம் தருவது குளிர்ச்சியை அல்ல, சராசரியை. நிழலே இல்லாத வெட்டவெளியில், கோடை மாதத்தின் சராசரியே அதிகமாக இருந்தால் ஆழத்திலும் அது அதிகமாகத்தான் இருக்கும். அதனால்தான் வளைகள் புதரடியிலும், பாறை ஓரத்திலும், வரப்பின் நிழல்பக்கச் சரிவிலும் அமைவது சிலந்திக்கு இரட்டை நன்மை: நிழல் சராசரியைக் குறைக்கிறது, ஆழம் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிறது.

இதை யாரும் தம் தோட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். மீன் தொட்டிக்கு விற்கும், நீண்ட கம்பியுள்ள மின்னணு வெப்பமானிகள் இரண்டு போதும். ஒன்றின் முனையை நிழலில் தரைமேல் வையுங்கள். மற்றொன்றைக் கடப்பாரையால் ஒரு சாணுக்கு மேல் ஆழமாகப் போட்ட துளையில் இறக்கி மண்ணால் மூடுங்கள். விடியற்காலையிலும் பிற்பகலிலும் எண்களைக் குறித்துவந்தால், மேலே உள்ளது ஏறி இறங்கும். கீழே உள்ளது அசைவது அரிது.

ஈரப்பதம்: அதிகம் பேசப்படுவதும் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும்

வெப்பத்தைவிட ஈரப்பதத்தில்தான் குழப்பம் கூடுதல். ஈரமானி காட்டும் எண் காற்றில் உள்ள நீரின் அளவைக் காட்டுவதில்லை. அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதையே காட்டுகிறது. இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 23 கிராம் நீராவி இருக்கலாம். 35 டிகிரியில் சுமார் 40 கிராம் வரை இருக்கலாம். ஆகவே காலையில் 25 டிகிரியில் 90 சதவீதம் காட்டிய அதே காற்று, ஒரு துளி நீரையும் இழக்காமல், பிற்பகலில் 35 டிகிரிக்குச் சூடானதும் 52 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 'ஈரப்பதம் குறைந்துவிட்டது' என்று பதறித் தண்ணீர் தெளிப்பவர் உண்மையில் வெப்பமானியைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது மண். கையில் எடுத்தால் பொடியாக உதிரும் மண்ணை நாம் காய்ந்த மண் என்கிறோம். ஆனால் செடி வாடி, இரவு முழுதும் விட்டாலும் நிமிராத அளவுக்கு வறண்ட மண்ணில்கூட, துகள்களுக்கு நடுவே அடைபட்டுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 99 சதவீதம். வெயிலும் காற்றும் நேரே படும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கு மட்டுமே உண்மையில் காற்றளவுக்கு உலர்கிறது. மண்சுவர் சூழ்ந்த குறுகிய வளைக்குள் காற்று அசைவதே இல்லை என்னுமளவுக்குத் தேங்கி நிற்பதால், மேலே பங்குனி வெயில் காய்ந்தாலும் அடியில் இருக்கும் சிலந்தி நீர் செறிந்த காற்றில் உட்கார்ந்திருக்கிறது.

இது சிலந்திக்கு ஏன் முக்கியம்? டரான்டுலா இரண்டு இணை புத்தக நுரையீரல்களால் மூச்சு விடுகிறது. இவை வயிற்றின் அடிப்பக்கத்தில், ஏடுகளை அடுக்கிவைத்தது போன்ற மெல்லிய தகடுகளால் ஆன உறுப்புகள். ஒவ்வொரு முறை காற்று உள்ளே போய் வரும்போதும் அத்தகடுகளின் வழியே நீர் வெளியேறுகிறது. சிலந்தியின் கால்களில் முக்கியமான சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடல்நீரின் அழுத்தத்தால்தான் அவை நீள்கின்றன. நீர் வற்றினால் அழுத்தம் குறைகிறது; கால்கள் உள்நோக்கி மடங்குகின்றன. வளர்ப்போர் அஞ்சும் அந்தச் சுருண்ட தோற்றத்துக்கு நீரிழப்பு ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்ளலாம். வளைக்குள் வெப்பம் ஏறி இறங்காமல் நிற்கிறது. ஈரம் மண்ணின் ஆழத்திலிருந்து வருகிறது. மேற்பரப்பு காய்ந்தே இருக்கிறது. மேலே போனால் வறட்சி, கீழே போனால் ஈரம் என்ற இந்தப் படிநிலையில் தனக்கு வேண்டிய இடத்தைச் சிலந்தியே தேர்ந்துகொள்கிறது.

பட்டு இல்லாமல் வளை முழுமையடையாது

நம் செட்டிநாட்டுப் பகுதியின் செம்புராங்கல் பொட்டலில், ஊருணிக் கரையை ஒட்டிய சூரைப் புதர்களுக்கு இடையே, இருட்டிய பிறகு டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தரையைப் பார்த்தால் ஆங்காங்கே பச்சையாகச் சிறு புள்ளிகள் மின்னும். அவை டரான்டுலா அல்ல. ஓநாய்ச் சிலந்திகள், வேறு குடும்பம். அவற்றிலும் வளை தோண்டுபவை உண்டு என்பதால், வளையைப் பார்க்கப் பழகுவதற்கு இவற்றைவிட நல்ல பாடம் கிடைக்காது. விரல் நுழையும் அளவான வாய். அதைச் சுற்றிக் காய்ந்த புல்நுனிகளையும் மிளகளவுச் செம்பரல்களையும் பட்டால் கோத்து எழுப்பிய ஒரு விளிம்பு. விளிம்பில் முன்னங்கால்களின் நுனிகள் மட்டும் தெரியும். நாம் ஓர் அடி எடுத்து வைத்த மாத்திரத்தில் அவை மறைந்துவிடும். நம்மைப் பார்த்ததால் அல்ல, நிலம் அதிர்ந்ததால்.

டரான்டுலாவுக்கும் இது பொருந்தும். எட்டுக் கண்கள் இருந்தும் அதன் பார்வை மங்கலானது. காலில் உள்ள நுண்ணிய முடிகளாலும் பிளவு போன்ற உணர்வுறுப்புகளாலும் காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும் அது உணர்கிறது. வளையின் உட்சுவரில் பூசிய பட்டு மண் சரியாமல் காக்கிறது. வாயில் விரித்த இழைகள் வெளியே நடக்கும் பூச்சியின் அசைவை உள்ளே கடத்துகின்றன. பகலில் சில இனங்கள் வாயை மெல்லிய பட்டுத் திரையால் மூடுகின்றன. தோலுரிப்பின்போது, அதாவது வளர்ச்சிக்காகப் பழைய மேலோட்டைக் கழற்றும் காலத்தில், வாயை மண்ணாலும் பட்டாலும் அடைத்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே வராமல் இருப்பதும் உண்டு.

இவற்றை அறிந்தவர், மிக்சி ஓடும் சமையல் மேடையிலோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலோ டரான்டுலாப் பெட்டியை வைக்க மாட்டார்.

பார்ப்பது எப்படி

காட்டில் பார்த்தல் என்றால் மண்வெட்டியோடு போய்த் தோண்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். தோண்டிய வளை அழிந்த வளை. அதிலிருந்து ஒரே ஒரு நாளின் செய்திதான் கிடைக்கும். தொடர்ந்து பார்ப்பதன் பயனுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலப்பகுதியில் பார்பரா யார்க் மெயின் என்ற ஆய்வாளர் 1974இல், வளைவாயில் கதவுபோன்ற மூடி அமைக்கும் பொறிக்கதவுச் சிலந்திகளின் வளைகளை எண்ணிட்டுக் கண்காணிக்கத் தொடங்கினார். அவற்றில் 16ஆம் எண் கொண்ட பெண் சிலந்தி, 2016இல் ஒட்டுண்ணிக் குளவியால் கொல்லப்பட்டபோது அதற்கு வயது 43. அத்தனை ஆண்டுகளும் அது வாழ்ந்தது ஒரே வளையில். பொறிக்கதவுச் சிலந்தி டரான்டுலாவின் தூரத்து உறவுதான் என்றாலும், வளை என்பது பெண் சிலந்திக்கு வாழ்நாள் முதலீடு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மாதம் ஒருமுறை மண்ணை முழுதும் கொட்டிப் பெட்டியைக் கழுவுகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆண் வேறு விதம். முதிர்ச்சி அடைந்ததும் வளையை விட்டு வெளியேறி இணையைத் தேடி அலைகிறது. பிறகு நெடுநாள் வாழ்வதில்லை. பெட்டியின் சுவரில் இரவெல்லாம் ஏறி இறங்கும் முதிர்ந்த ஆண், வளர்ப்பில் குறை என்று சொல்லவில்லை. அதன் பருவம் அப்படி.

களத்தில் குறிக்க வேண்டியவை எளியவை. வளை சமதரையிலா சரிவிலா, எந்தத் திசை நோக்கி, மேலே நிழல் உண்டா, மண் களியா மணலா, வாயின் அகலம் எவ்வளவு, பட்டு புதிதா பழையதா, வாயருகே வண்டின் ஓடு போன்ற இரையின் மிச்சம் கிடக்கிறதா, சிலந்தி எத்தனை மணிக்கு வாய்க்கு வந்தது. சிவப்பு ஒளி அதை அதிகம் தொந்தரவு செய்வதில்லை என்பதால் டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்வது நல்லது. நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே வளைகளை மறுபடி பார்ப்பது மிகவும் பயன்தரும்: எந்த வளையில் நீர் புகுந்தது, எது விளிம்பை உயர்த்திக் கட்டித் தப்பியது என்பது அப்போதுதான் தெரியும். குச்சியை உள்ளே விட்டுக் குடைவதும், தண்ணீர் ஊற்றி வெளியேற்றுவதும் கூடவே கூடாது.

பெட்டிக்குள் இதை எப்படிக் கொண்டுவருவது

முதலில் ஆழம். கால் விரித்த நிலையில் 15 செ.மீ. இருக்கும் சிலந்திக்கு 20 முதல் 30 செ.மீ. வரை மண் தேவை. வெறும் தேங்காய் நார்க்கழிவு வளையைத் தாங்காது, இடிந்து விழும். பூச்சிமருந்து படாத செம்மண்ணைக் கலந்து, கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் நிரப்பி, ஒரு மூலையில் மரப்பட்டைத் துண்டின் அடியில் சாய்வாக ஒரு துளை போட்டுக் கொடுத்தால், மீதியைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே அதிக உயரம் விடக்கூடாது. மண்ணில் வாழும் டரான்டுலா கனமானது, நன்றாக ஏறத் தெரியாதது. சிறிய உயரத்திலிருந்து விழுந்தாலும் மெல்லிய தோலுடைய வயிறு வெடித்து இறந்துபோகக்கூடும்.

இரண்டாவது நீர். மேலே தெளித்தால் ஈரமானியின் எண் ஒரு மணி நேரம் உயரும். அடிமண் காய்ந்தே கிடக்கும். இது இயற்கையில் உள்ளதற்கு நேர் தலைகீழ். மாறாக, மூலையில் ஒரு குழாயைச் செருகி அதன் வழியே அடிமண்ணுக்கு மட்டும் நீர் விட்டு, மேல்மண்ணைக் காயவிட வேண்டும். ஆழமில்லாத ஒரு தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் இருக்கட்டும். அதில் பஞ்சு போட வேண்டாம், அது அழுகும். பக்கவாட்டில் காற்றுத் துளைகளும் வேண்டும். எப்போதும் நனைந்து, காற்றும் போகாத பெட்டியில் பூஞ்சையும் சிறு ஈக்களும் பெருகும்.

மூன்றாவது சூடு. இங்கே ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: செட்டிநாட்டில் டரான்டுலாவுக்குச் சூடேற்றும் விரிப்பு வேண்டியதில்லை. அந்த அறிவுரை பனிக்காலம் உள்ள நாடுகளின் வளர்ப்போரிடமிருந்து வந்தது. சூடு தாங்காத சிலந்தி கீழ்நோக்கித் தோண்டும் என்பது அதன் பிறவி அறிவு. விரிப்பு அடியிலிருந்து சுட்டால், தப்பிக்கத் தோண்டத் தோண்ட அது நெருப்பை நோக்கியே போகிறது. நமக்கு உள்ள சிக்கல் கோடை வெப்பம்தான். பெட்டியை மாடி அறையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்கி, வெயில் படாத சுவரோரமாகத் தரையில் வைப்பதே பெரும்பாலும் போதும்.

நான்காவது பொறுமை. வளைக்குள் போன சிலந்தி வாரக்கணக்கில் கண்ணில் படாவிட்டால் அது நலமாக இருப்பதாகவே கொள்ள வேண்டும். வாயை அடைத்திருந்தால் இரை போட வேண்டாம். தோலுரித்து மென்மையாகக் கிடக்கும் சிலந்தியை, உள்ளே விட்ட சிள்வண்டே கடித்துக் காயப்படுத்திவிடும். இந்திய இனங்களுக்கு அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பலவற்றுக்கு உள்ளதுபோல் உதறி எறியும் அரிப்பு முடிகள் இல்லை. ஓடி ஒளிவதும், முடியாவிட்டால் கடிப்பதுமே அவற்றின் வழி. ஒளிய ஆழமான வளை இருந்தால் பெட்டியைத் திறந்ததும் உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் முன்னங்கால்களைத் தூக்கி எதிர்த்து நிற்கும். 'இந்த இனம் கோபக்காரச் சிலந்தி' என்று சொல்லப்படுவதில் பாதி, மண் போதாத பெட்டியின் குறை என்பது என் கருத்து.

சுருக்கமாக, நான்கும் ஒரே விதியின் கிளைகள்: ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு பெட்டி முழுதும் அதையே நிலைநிறுத்தாமல், மேலே உலர்வும் கீழே ஈரமுமாக ஒரு படிநிலையை அமைத்துவிட்டு விலகி நிற்பது.

பார்த்த இடத்தைச் சொல்லலாமா?

காட்டுச் சிலந்தியைப் பார்ப்பது அதைப் பிடித்துவருவதற்காக அல்ல. ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரிலிருந்து 1899இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் விவரித்த நீலநிறப் பொயிசிலோதீரியா மெட்டாலிகா, இன்று உலகெங்கும் வளர்ப்போரிடம் இருக்கிறது. அதன் காடோ மிகச் சிறியது, இனம் அழியும் விளிம்பில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. பொயிசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணையை ஏற்படுத்தி, அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வாங்குமுன் இனத்தின் அறிவியல் பெயரைக் கேட்டு, அது பட்டியலில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு.

குறிப்பேட்டில் வளை இருக்கும் இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் மழைக்குப் பிறகு அதே வளையைக் கண்டுபிடிக்க முடியாது. பிறருடன் பகிரும்போது மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இருப்பிடத் தகவல் தானாகப் பதிந்திருக்கும். படத்தை அனுப்புமுன் அதை நீக்கிவிட வேண்டும்.